பில் போடாத வெள்ளைத் துணி

போன் அலறியது.

"புள்ள கமீலா... நான் எப்ப மௌத்தான?"

மீராசா காக்கா! கல்முனை பஸாரில் கமீலாவின் புடவைக்கடைக்கு இருபது வருட வாடிக்கைக்காரர். மகளின் கலியாணத்துக்கு எடுத்துவைக்கச் சொன்ன துணியைக் கேட்டுக் கடை நம்பருக்குச் செய்தி அனுப்பினாராம். வாடிக்கையாளர் காலமானதால் துணி மீண்டும் விற்பனைக்கு வைக்கப்பட்டது என்று கடையிலிருந்து பதில் போயிருக்கிறது.

கமீலா கண்ணை மூடிக்கொண்டாள். அலுத்துப்போயிருந்தாள்.

புருஷன் கத்தாரில். கடை அவள் தலையில். மூன்று மாதமாக ஒரு ஏஐ ஏஜென்டுக்குச் சரக்குக் கணக்கையும் வாடிக்கைக்காரருக்குப் பதில் போடுவதையும் பழக்கிக்கொண்டிருக்கிறாள். ஒன்றைச் சொன்னால் ஒன்பது கேட்கும்.

போன மாதம் அதுதான் சொன்னது... வெள்ளைத் துணி பில் இல்லாமல் குறைகிறது!

கடையில் கூடமாட நிற்கும் புருஷனின் தம்பி ஸஹீத் மெல்ல வந்து, ஸஜாத்தின் மேல் ஒரு கண் வைக்கச் சொன்னான். ஸஜாத் அங்கே பதினைந்து வருடமாகத் துணி வெட்டுகிறவன். கமீலா அவனை வேலையிலிருந்து நிற்பாட்டினாள். அவன் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டுப் போனான். பஸார் முழுக்க அவனுக்குக் கள்ளன் என்று பேர்.

அதற்குப் பிறகும் வெள்ளை குறைந்தது.

அது மௌத்தானவரைப் பொதியக் கொடுத்த கபன் துணி என்றான் ஸஹீத். கபனுக்கு அந்தக் கடையில் கமீலாவின் வாப்பா காலத்திலிருந்தே பில் கிடையாது. மையித்து வீட்டுக்காரரிடம் யாரும் கேள்வி கேட்பதுமில்லை.

கமீலா அதையும் ஏஜென்டுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பில் வேண்டாம், மௌத்தானவர் பேர் போதும். பேரைப் பதிகிற வேலை ஸஹீதுக்கு. மௌத்தான வாடிக்கைக்காரருக்கு எடுத்துவைத்த துணியைத் திரும்ப விற்பனைக்குப் போடவும் பழக்கியிருந்தாள். அதை ஸஹீதுக்குச் சொல்ல நேரம் வரவில்லை.

பட்டியலைத் திறந்தாள்.

பத்து நாளில் ஐந்து ஜனாஸா. கடைசிப் பேர், மீராசா.

"ஸஹீத், மீராசா காக்கா லைன்ல இரிக்கார்."

அவன் துணி மடிப்பதை நிறுத்தினான்.

"பேர் மாறி விழுந்திரிக்கும், மதினி..."

"அப்ப மத்த நாலு மையித்து வீடும் எங்கெண்டு சொல்லு. போய்ட்டு வாறன்."



ஸஹீத் தரையைப் பார்த்தபடி ஒப்புக்கொண்டான். ஸஜாத் இருந்தபோதும் எடுத்தது அவன்தான். துணி அக்கரைப்பற்றில் ஒரு கடைக்குப் போனது. பொய்ப் பேர் யோசித்து அலுத்து, ஐந்தாவதுக்குக் கடை போனில் இருந்த பேர் ஒன்றைப் போட்டுவிட்டான்.

கமீலாவுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் வந்தது. துணி குறைகிறது என்று மட்டும்தான் ஏஜென்ட் சொன்னது. கள்ளன் இவன் என்று முடிவுகட்டியது அவள்.

ஸஜாத்துக்குப் போன் எடுத்தாள். மீராசா காக்காவின் கதை உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"நான்தான் பிழை விட்ட, ஸஜாத். பஸாருக்கும் நானே சொல்றன். திரும்பி வருவியா?"



"மௌத்தான மீராசா காக்காவே திரும்பி வந்திட்டார், ராத்தா. எனக்கு வர என்ன?"