லூமு பேசிய வசனம்

வெள்ளிக்கிழமை சோதனைக் காட்சிக்கு வந்தவர்கள் வழக்கம்போலப் பிடரியைக் காட்டியபடி வரிசையில் நின்றார்கள். வாசலில் இருந்த எந்திரம் ஒவ்வொருவர் பிடரியிலும் அரிசி அளவில் ஓர் அச்சமானியை ஒட்டி, "நல்லா பயப்படுங்க" என்று வாழ்த்தி உள்ளே அனுப்பியது.

செவ்வாய்க் குடியேற்றத்தின் சட்டம் அப்படி. ஒரு படத்தைத் திகில் படம் என்று விற்க வேண்டுமானால், சோதனைக் காட்சியில் அரங்கம் மெய்யாகவே பயப்பட வேண்டும். பயந்ததா என்பதை அச்சமானிகள் சொல்லும். பயப்படவில்லை என்றால் தணிக்கை அதிகாரி வேறு வகையில் சேர்த்துவிடுவார்.

இயக்குநர் குழலியின் முதல் படம் குழந்தைகள் படமாகச் சேர்க்கப்பட்டது. இரண்டாவது படம், நகைச்சுவை. இதுவும் கவிழ்ந்தால் சுரங்கப் பாதுகாப்பு விளக்கப்படம் எடுக்கப் போகலாம் என்று தயாரிப்பாளர் தன்மையாகச் சொல்லியிருந்தார்.

அவள் மீது குற்றமில்லை. பழைய பூமிக்காரர்கள் எதற்கெல்லாம் நடுங்கினார்களோ அதெல்லாம் இங்கே பக்கத்து வீட்டில் குடியிருந்தது. எந்திரங்கள் பிள்ளைகளைத் தூங்க வைத்தன. மூளையில் சில்லு இல்லாதவருக்குப் பள்ளியில் இடம் கிடையாது. யூரோப்பா நிலவிலிருந்து வந்தவர்கள் எட்டுக் கைகளிலும் பையோடு காய்கறிக் கடையில் பேரம் பேசினார்கள். அவர்களில் ஒருவரான லூமுதான் இந்தப் படத்தின் அரக்கன்.

திரையில் லூமு உறுமியபோது அரங்கம் சிரித்தது. "ஐயோ, தொண்டை கட்டியிருக்கு போல. சுக்குக் கஷாயம் குடிக்கச் சொல்லுங்க," என்றது ஒரு குரல். இடைவேளையில் அச்சமானிப் பலகையின் முள் அடியில் படுத்துக் கிடந்தது.

குழலி திரைக்குப் பின்னால் ஓடினாள். சோதனைக் காட்சியில் வசனத்தை நேரடியாகப் பேசி மாற்ற அனுமதி உண்டு.

"லூமு, உறுமல் வேண்டாம். மைக்கைப் பிடிச்சு நீங்களே ஏதாவது பேசுங்க. பயமா இருக்கணும்."

ஊதா நிற உடம்பு வருத்தத்தில் வெளிறியது. "பயமுறுத்த எனக்குத் தெரியாதே, டைரக்டரம்மா. நான் குடியிருக்கிற வீட்டுக்கு வர்ற விருந்தாளிங்க பேசுற தமிழ்தான் தெரியும்."

இழக்க இனி ஒன்றுமில்லை. "அதையே பேசுங்க," என்றாள் குழலி.

படம் தொடர்ந்தது. விண்கலத்தில் நாயகி தனியாக இருக்கிறாள். கதவு திறக்கிறது. எட்டுக் கைகள் மெல்ல நீள்கின்றன. அரங்கத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அப்போது அந்தக் குரல் கனிவாகக் கேட்டது:

"என்னம்மா, இப்படி இளைச்சுப் போயிட்ட?"

கொட்டாவி பாதியில் நின்றது.

"வயசு என்ன ஆகுது இப்போ?"

மூன்றாம் வரிசைப் பெண் கால்களை இருக்கை மேல் இழுத்துக்கொண்டாள். பலகையில் முள் அசைந்தது.

"உன்கூடப் படிச்சவங்களுக்கெல்லாம் ரெண்டு குழந்தை ஆயிடுச்சே. வீட்ல பாக்குறாங்களா, இல்ல நீயே யாரையாவது பாத்து வெச்சிருக்கியா?"

முன்வரிசையில் நீலப் புடவைக்காரி ஒருத்தி வீறிட்டாள். மலைபோல் உட்கார்ந்திருந்த சுரங்கத் தொழிலாளி முகத்தைப் பொத்திக்கொண்டார். நாயகி ஓட, எட்டுக் கைகளும் வாசலை மறிக்க, குரல் மட்டும் அன்பு குறையாமல் தொடர்ந்தது: "உன் தம்பி சொந்த வீடு வாங்கிட்டானாமே. நீ இன்னும் வாடகைதானா?"

முள் சிவப்பைத் தாண்டியது. ஐம்பதைக் கடந்தும் தனியாக வாழும் தணிக்கை அதிகாரி முடியரசு, திரையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். திகில் படம். இதய பலவீனம் உள்ளவர்கள் பார்க்கக் கூடாது.

குழலிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. விளக்குகள் எரிந்ததும் மக்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஆனந்தமாக வெளியே வந்தார்கள். இப்படிப் பயந்து எத்தனை காலம் ஆயிற்று என்று பேசிக்கொண்டார்கள். தயாரிப்பாளர் லூமுவின் எட்டுக் கைகளையும் முறை வைத்துக் குலுக்கினார்.

நீலப் புடவைக்காரி கூட்டத்தை விலக்கி வந்து குழலியின் கைகளைப் பிடித்தாள். "கைகால் உதறிப்போச்சும்மா. ரொம்ப நல்லா எடுத்திருக்க." பிறகு குழலியின் வெறுங்கழுத்தைப் பார்த்தாள். குரல் கனிந்தது. "ஆமா, உனக்கு இன்னும் ஆகலையா?"

லூமு குழலியின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டது: "இவங்களும் நம்ம படத்துல நடிச்சவங்களா?"

"இல்லை," என்றாள் குழலி. "இவங்க நிஜம்."