நாலாவது அடியில்

மழை வந்த வேகத்தில் செருப்பு வார் அறுந்தது. அதுவும் நடுரோட்டில்!

ஒரு கையில் செருப்பு, மறு கையில் நோட்டு. நொண்டியபடியே ஓடி, முதலில் கண்ணில் பட்ட கடைக்குள் புகுந்தாள். கண்ணாடிக் கதவில் ஒரு ஷூ படம் இருந்தது. அவளுக்கு அது போதும்.

உள்ளே பசை வாசம். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பாதங்கள்... மாவுக்கட்டு மாவில் வார்த்த பாதங்கள்! ஒவ்வொரு குதிகாலிலும் பென்சிலில் ஓர் எண். மேசைக்குப் பின்னால் ஒருவன், சுழலும் சக்கரத்தில் ஒரு ஷூவின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இமைகளில் கார்க் தூள். சத்தம் கேட்டு நிமிர்ந்தான்.

அந்தக் கண்கள்... மழை விழுவதற்கு ஒரு நிமிடம் முன்பு வானம் இருக்குமே, அப்படி.

'கிடைச்சாச்சு மூணாவது ஆள்!' என்றது அவள் மூளை.

அவள் பேச்சுப் பயிற்சிப் படிப்பில் கடைசி வருடம். திக்கிப் பேசுகிறவர்களுக்கு உதவக் கற்றுக்கொண்டிருந்தாள். இந்த வார வீட்டுப்பாடம் விசித்திரமானது. "தெரியாத மூணு பேர்கிட்ட வேணும்னே திக்கிப் பேசிட்டு வாங்க. அவங்க என்ன பண்றாங்கன்னு எழுதுங்க. அந்த வாயோட ஒரு நாள் வெளிய போனாத்தான் உங்களுக்குப் புரியும்" என்று மேடம் சொல்லியிருந்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் அவளுடைய எல்லா வாக்கியத்தையும் அவரே முடித்துவிட்டார். நூலகத்தில் இருந்த அம்மாவோ, அவளுக்குக் காது கேட்காது என்று நினைத்துக் கத்தினார். இன்னும் ஒருவர் பாக்கி.

"இ... இ... இந்தச் செ... செ..."

அவன் சக்கரத்தை நிறுத்தினான். வெளியே மழைச் சத்தம் மட்டும். முகத்தைத் திருப்பவில்லை, தலையை ஆட்டவில்லை, வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அவள் கண்களைப் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல்... காத்திருந்தான்.

இதற்கு அவள் தயாராக வரவில்லை. கைவசம் இருந்த திக்கலெல்லாம் தீர்ந்துபோனது.

"...செருப்பைத் தைச்சுத் தருவீங்களா?"

"இது செருப்புக் க... க... க..." அவன் கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் ஒரு கணம் மூடின. "...கடை இல்லைங்க."

ஐயோ... இது நிஜம்!

அவன் கண்கள் அகலமாயின. "நீ... நீங்களும்?"

அந்த முகம்! தூர தேசத்து ரயில் நிலையத்தில் சொந்த மொழியைக் கேட்டவன் முகம். அதைப் பார்த்து எப்படி 'இல்லை' என்பது? அவள் தலை தானாக ஆடியது. ஒரே ஒரு தடவைதான். ஆனால் போதுமே, மாட்டிக்கொள்ள!

கால்கள் சமமாக இல்லாதவர்களுக்கு ஷூ செய்கிற இடம் அது. "ஒரு கால் குட்டையா இருந்தா, நான் அந்தக் காலை ஒண்ணும் பண்ண மாட்டேன். த... தரையைக் கொஞ்சம் மேல கொண்டு வந்து குடுப்பேன்" என்று அரை அங்குல கார்க் துண்டைக் காட்டினான். செருப்புக் கடை இல்லை என்று சொல்லிவிட்டு, அவள் வாரைத் தைக்கவும் எடுத்துக்கொண்டான். அடியைத் திருப்பிப் பார்த்தான்.

"வெ... வெளி ஓரம் மட்டும் தேஞ்சிருக்கு. அவசரக்காரங்க போல."

"செருப்பைப் பார்த்தே ஜா... ஜாதகம் சொல்வீங்களா?"

"ஆளு பொய் சொல்லலாம். செ... செருப்பு சொல்லாதுங்க."

அவளுக்குச் சுருக்கென்றது.

* * *

"அறுந்தது ஒரு வார். போனது ரெண்டு தடவை" என்றாள் அக்கா. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகர் அவள். வீட்டிலும் அதே வேலைதான். "இப்ப கத்தரிக்கோலை வெச்சுக்கிட்டு என்னடி பண்ற?"

அவள் இன்னொரு செருப்பின் வாரை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். "ஒண்ணுமில்லக்கா... பழசு... தானாவே அறுந்துடும் போல இருக்கு..."

"கத்தரிக்கோல் பட்டா எல்லாம் தானாவே அறுந்துடும். அவர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டியா?"

"சொன்னா, அவரை வெச்சு விளையாடினேன்னு நினைச்சுடுவாரு. அப்புறம் என் முகத்துலயே முழிக்க மாட்டாரு."

"சொல்லலைன்னா?"

"...சொல்றேன்க்கா. நாளைக்கு."

அந்த நாளை வந்தது. அவளும் போனாள். அவன் அறுந்த வாரை விரலால் நீவிப் பார்த்தான். அவளைப் பார்த்தான். ஏனோ ஒன்றும் கேட்கவில்லை. புது வார் வைத்தபடியே கதை சொன்னான்.

"ஸ்கூல்ல ஒரு சார், ஸ்கேலால மே... மேசையைத் தட்டி, தாளத்துக்குப் பேசுன்னாரு. அப்புறம் ஒரு டாக்டர், மாத்திரை. இன்னொருத்தர், பேட்டரி தீர்ந்த ரேடியோ மாதிரி இழுத்துப் பேசச் சொன்னாரு. ஒரு மேடம், அப்பாவை உள்ளுக்குள்ள வெ... வெறுக்கிறியான்னு கேட்டாங்க."

"வெறுத்தீங்களா?"

"அது வரைக்கும் இல்ல. அவங்க அத்தனை தடவை கேட்ட பிறகுதான் ச... சந்தேகமே வந்துச்சு!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனும். "எ... எதுவுமே கைகொடுக்கலையா?"

"எல்லாமே கொடுத்துச்சு. அந்த ரூமுக்குள்ள. க... கதவைத் திறந்து வெளிய வந்தா போயிடும்." நூலைக் கடித்தான். "உங்களுக்கு என்ன பண்ணாங்க?"

"எனக்கா... எ... எனக்கு யாரும் ஒண்ணும் பண்ணல."

அன்று அவள் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

* * *

அடுத்த வாரம் அவள் போனபோது கடையில் பெயின்ட்டர் அண்ணன் இருந்தார். ஏணியிலிருந்து விழுந்து, எலும்பு தப்பாகக் கூடியதில் இடது கால் குட்டையாகிப் போனவர். வாய் மட்டும் அரை அங்குலம் நீளம். யார் பேசினாலும் முடித்து வைப்பது அவர்தான்.

"வாம்மா தங்கச்சி! தம்பி இன்னைக்கு எனக்குப் புது ஷூ போட்டு விடு..."

"...றேன்" என்று இந்த முறை முடித்து வைத்தான் அவன்.

"நான் சொல்ல வந்தேன்!"

அந்தக் கடையில் ஒரு வழக்கம். புது ஷூவில் முதல் அடி வைக்கும்போது இருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து எண்ண வேண்டும். அண்ணன் எழுந்தார். சுவரைப் பிடிக்கவில்லை. ஊன்றுகோலைப் பிடிக்கவில்லை.

"ஒண்ணு!" மூன்று குரலும் சேர்ந்தன.

"ரெண்டு!" அண்ணனின் தோள்கள் முதல் முறையாகச் சமமாக நின்றன.

"மூணு!" எத்தனை அழகான சத்தம்... அவன் குரல் தடையே இல்லாமல், தண்ணீர் மாதிரி... சட்டென்று அவளுக்குப் பயம் வந்தது. தான் திக்கவே இல்லையே! சந்தேகப்படுவானே!

"நா... நா... நாலு!" என்றாள் அவள், அவசரமாக.

அவன் திரும்பினான். ஒரே ஒரு பார்வை. பிறகு, "அ... அஞ்சு" என்று குனிந்துகொண்டான்.

ஏன் அப்படிப் பார்த்தான்? சாயங்காலம் பரீட்சைக்குப் புத்தகத்தைப் பிரித்தபோது தெரிந்தது. அவளே பச்சை மையில் அடிக்கோடு போட்டிருந்தாள், இரண்டு தடவை. 'பலரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் பேசும்போது திக்கல் அநேகமாக மறைந்துவிடும்.'

நிஜமாகத் திக்குகிறவன் தடையில்லாமல் எண்ணிய இடத்தில், அவள் திக்கியிருக்கிறாள். அதை அவனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலை கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஆரம்பித்தாள். "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"வீட்டுப்பாடம் முடிஞ்சுதாங்க?" அவன் நிமிரவில்லை. "பதினஞ்சு வயசுல என்னை நடுவுல உ... உட்கார வெச்சு, உங்கள மாதிரி மாணவங்க சுத்தி உட்கார்ந்து குறிப்பு எடுத்தாங்க. வெளிய போய்த் திக்கிட்டு வரச் சொல்ற இ... இந்தப் பாடமெல்லாம் எனக்குத் தெரியும். நான் எத்தனையாவது ஆளு?"

"...மூணாவது."

"அன்னைக்கு வீட்டுக்குப் போய் அ... அம்மாகிட்ட சொன்னேன். என்னை மாதிரியே ஒருத்தங்களைப் பார்த்தேன்மான்னு." சக்கரத்தைப் போட்டான். அந்த இரைச்சலில் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

* * *

இரண்டு நாள் அவள் கடைப் பக்கமே போகவில்லை. அக்கா கூட ஆலோசனை எதுவும் சொல்லவில்லை. அதுவே அதிசயம்.

மூன்றாம் நாள் வீட்டுப்பாட நோட்டை எடுத்தாள். ஜெராக்ஸ் கடை... நூலகம்... மூன்றாவது பக்கம் காலி. எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். பிறகு நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. இந்த முறை வார் அறுந்துபோகவில்லை. அவன் தைத்ததாயிற்றே!

கடையில் பெயின்ட்டர் அண்ணன் குதிகால் கடிக்கிறது என்று ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவன் மேசைக்குப் பின்னால். அவள் கதவோரமே நின்று, சொட்டச் சொட்ட வாசித்தாள்.

"மூணாவது ஆள். நான் திக்கினப்போ அவர் என்ன பண்ணார்? காத்திருந்தார். அவ்வளவுதான். நான் இத்தனை வருஷம் படிச்சதுல எந்தப் பாடத்துலயும் அப்படி ஒருத்தர் காத்திருந்ததை நான் பார்க்கல. அவர்கிட்ட நான் பொய் சொன்னேன். இந்தப் பாடத்துல நான் பெயில்."

நோட்டை மூடினாள். "இன்னும் ஒண்ணு இருக்கு... அது நோட்டுல இல்ல... உ... உங்களை... நா..." தலையை உலுக்கினாள். "இது திக்கல் இல்லைங்க! சத்தியமா நடிக்கல. இது பயம். ரெண்டும் வேற வேற... முதல் வருஷப் பாடம்!"

பெயின்ட்டர் அண்ணன் கையில் ஷூவோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"பொய்யாத்தான் திக்கினேன். ஆனா பொய்யா வரலைங்க இந்தக் கடைக்கு. உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். எனக்கு உங்களை... ரொம்பப் பிடிச்சிருக்கு!"

அவன் மேசை இழுப்பறையைத் திறந்தான். ஒரு பழைய செருப்பு வாரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"தானா அறுந்தா நூல் நூலாப் பி... பிரியும். இது நேரா இருக்கு." மெல்ல, மிக மெல்ல, அந்தக் கண்களின் மழை வானத்தில் வெளிச்சம் வந்தது. "க... கத்தரிக்கோல். அன்னைக்கே தெரியும். மூணு நாளா இதைத்தான் பார்த்துட்டு இருக்கேன். திக்கினது பொய்... அப்ப இ... இது என்னன்னு."

அவள் முகத்துச் சிவப்பு காது வரை போனது.

"செருப்பு பொய் சொல்லாதுன்னு அன்னைக்கே சொ... சொன்னேனே." அவன் எழுந்தான். "எ... எனக்கும்... உங்களைப்... பி... பி... பி..."

"பிடிச்சி..." என்றார் பெயின்ட்டர் அண்ணன்.

"அண்ணே!" அவள் விரலை உதட்டில் வைத்தாள். "அவரே சொல்வாரு."

அண்ணன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

அவன் கண்கள் மூடின. கழுத்து நரம்பு புடைத்தது. அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். அதன் எல்லா எழுத்தும் தெரியும். உதட்டு நுனியில் வைத்துக்கொண்டு... அவள் காத்திருந்தாள். முகத்தைத் திருப்பவில்லை, தலையை ஆட்டவில்லை. எவ்வளவு நேரம் ஆனால் என்ன? மழை நிற்கிற மாதிரியே இல்லையே...

"...பிடிச்சிருக்கு."

முழுசாக, ஓர் எழுத்துக் குறையாமல் வந்தது.

பெயின்ட்டர் அண்ணன் கையை எடுத்தார். "அட, சொல்லிட்டு அங்கேயே நின்னா எப்படி தம்பி? என்னை மட்டும்தான் நடக்கச் சொல்வீங்களா? நடங்க! ஒண்ணு..."

அவன் சிரித்துக்கொண்டே காலெடுத்து வைத்தான். மூவரும் சேர்ந்து எண்ணினார்கள்.

"ரெண்டு..."

"மூணு..."

அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இன்னும் ஒரே ஓர் அடி. அவள் கையை நீட்டினாள்.

"நாலு!"

யார் குரலும் தடைபடவில்லை.