வீட்டுக்காரம்மா வலி மட்டும்

ஜூன் பிறந்தால் போதும், கோவையில் கல்லூரி வாசல் டீக்கடைகளின் சுவர்த்திரைகளில் ரூம் விளம்பரங்கள் ஓடத் தொடங்கிவிடும். 'பீளமேடு, தனி அறை, இரண்டு முழங்கால்.' 'சிங்காநல்லூர், இருவர் தங்கலாம், ஒற்றைத் தலைவலி, சைவம் மட்டும்.' 'கல்லூரிக்கு எதிரிலேயே, ஏசி உண்டு, சிறுநீரகக் கல்.' கடைசி விளம்பரத்தைப் பார்த்துப் பையன்கள் விசில் அடிப்பார்கள். ஆனாலும் சாயங்காலத்துக்குள் அந்த அறையையும் யாராவது எடுத்துவிடுவார்கள்.

இளவேனி டீயை ஆறவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தருமபுரிப் பெண், சிவில் இரண்டாம் ஆண்டு. போன வருடம் அவள் இருந்த வீட்டில் ஒரு பெரியவரின் பல்வலி. பல்லைப் பிடுங்கிவிடுங்கள் என்று கெஞ்சினால், "வலிக்கறது உனக்குத்தானே, எனக்கென்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு முறுக்கு கடிப்பார்.

வலி மாத்திரைகள் மனித உடம்பில் வேலை செய்வதை நிறுத்தி ஒரு தலைமுறை ஆகிவிட்டது. நோவை அழிக்க முடியவில்லை, ஆனால் இடம் மாற்றக் கற்றுக்கொண்டார்கள். காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் வலிமாற்றி. பெட்டியில் 'பெயின் லிங்க்' என்று எழுதியிருக்கும், ஊரில் அதற்கு வில்லை என்று பெயர். வீட்டில் இருப்பவர் காதில் ஒன்று, குடிவருபவர் காதில் ஒன்று. காயம் அங்கே, நோவு இங்கே. வாடகை என்பது அதுதான். வில்லை ஓடாத மாணவருக்கு ஊரில் முகவரி கிடையாது. முகவரி இல்லாதவர் பருவத்தேர்வு எழுத முடியாது. பல்வலி பொறுக்காமல் பாதியில் ஓடி வந்ததில் இளவேனிக்கு ஒரு பருவம் ஏற்கெனவே போயிருந்தது. இன்னொன்றும் போனால் கல்லூரியில் பெயரை அடித்துவிடுவார்கள்.

"பாப்பா, உனக்குன்னே ஒண்ணு வந்திருக்குது," என்றார் புரோக்கர் பிரணவ். "ராமநாதபுரம். மாடி ரூம், தனி பாத்ரூம். வீட்டுக்காரம்மா வலி மட்டும்."

"அவங்களுக்கு என்னங்க நோவு?"

"ஒண்ணுமே இல்லீங்கறேன். சர்க்கரை இல்ல, மூட்டு இல்ல, முதுகு இல்ல. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டே இருக்குது, பாத்துக்க."

இளவேனி விவரமான பெண். பித்தப்பை, கருப்பை, கடைவாய்ப்பல் என்று ஒன்று விடாமல் விசாரித்தாள். வீடு தேடுகிற பிள்ளைகள் எல்லோரும் வியாதியைத்தான் கேட்பார்கள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற வழக்கம் இல்லை, அவளும் கேட்கவில்லை.

வீட்டுக்காரம்மா தன்யஸ்ரீ, "வா கண்ணு," என்று வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். அரிசிம்பருப்பு சாதத்தில் நெய்யை ஊற்றிப் பரிமாறினாள். வீடு அவள் கணவன் நிதின் பெயரில் இருந்தது. மோட்டார் பம்பு வியாபாரம், சிரித்த முகம், படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று வாழ்த்தினான். முதல் வாரம் ஒரு கொசுக்கடி வலி கூட வரவில்லை. இளவேனி வகுப்பில் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான்.

அடுத்த வாரம் மைதானத்தில் நில அளவை வகுப்பு. கருவியில் கண்ணை வைத்துக் குனிந்திருந்தவளின் தாடையில் யாரோ முழு பலத்தோடு அறைந்தார்கள். பக்கத்தில் யாரும் இல்லை. நிமிர்வதற்குள் அடிவயிற்றில் ஒரு உதை. புழுதியில் விழுந்து உருண்டு மூச்சுக்குத் தவித்தாள். கல்லூரி டாக்டர் பரிசோதித்துவிட்டு, "உன் உடம்புல கீறல் கூட இல்லம்மா. வீட்டுக்காரம்மாவுக்கு வலிப்பு இருக்கும், மறைச்சிருப்பாங்க," என்றார். அதன்பிறகு ஒரு நாள் முதுகு, ஒரு நாள் முடியோடு மண்டைத்தோல். பிறகு ஒரு நாள் காலை வகுப்பு நடுவில் வலதுகை விரல்களில் இரண்டு ஒடிந்தது போல் வலிக்க, அவள் போட்ட கூச்சலில் ஆசிரியரே எழுந்து ஓடிவந்தார்.

நன்றாக ஏமாற்றிவிட்டார்கள் என்ற ஆத்திரத்தோடு மதியமே வீட்டுக்குப் போனாள். சமையலறையில் தன்யஸ்ரீ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. உதடு கிழிந்திருந்தது. கத்தி பிடித்த கையில் இரண்டு விரல்கள் புறங்கைப் பக்கம் மடங்கி நின்றன, அவள் அந்தக் கையாலேயே நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கை!"

"இதா? கதவுல நசுங்கிருச்சு கண்ணு. ஒண்ணும் வலிக்கல."

"எனக்கு வலிச்சுதுக்கா. கதவு முடியைப் புடிச்சு இழுக்குமா?"

தன்யஸ்ரீ கத்தியை வைத்தாள். "கல்யாணமான புதுசுல ஓடிப்போயிரலாம்னுதான் இருந்தேன். அப்பத்தான் இவரு வில்லை வாங்கிட்டு வந்தாரு. அப்புறம் வலிக்கல. வலிக்காதப்ப எதுக்குப் போறதுன்னு இருந்துட்டேன். மேல இருந்த புள்ளைங்க எல்லாம் சொல்லிக்காமயே காலி பண்ணிட்டுப் போனாங்க. ஏன்னு நான் கேக்கல கண்ணு. கேக்கறதுக்குப் பயமா இருந்துச்சு."

அப்போதுதான் நிதின் சாப்பிட வந்தான். இளவேனி பயத்தை விழுங்கிக்கொண்டு, "அண்ணா, நான் போலீசுக்குப் போறேன்," என்றாள்.

"போ. என்னன்னு சொல்லுவ? அடி வாங்கறவளுக்கு வலி இல்ல. வலிக்கற உனக்கு அடி இல்ல. இதுல யாருக்கு என்ன நட்டம்?"

சட்டமும் அதையேதான் சொன்னது. காயமும் நோவும் ஒரே உடம்பில் இருந்தால்தான் வழக்கு.

"பரீட்சை வருதில்ல? பேசாம படி," என்றவன், திரும்பி மனைவியின் விலாவில் ஓங்கி மிதித்தான். தன்யஸ்ரீ மேடையில் சாய்ந்து சமாளித்து நின்றாள். சுருண்டு விழுந்தது இளவேனி. அவன் அடுத்த மிதியையும் மனைவிக்குத்தான் கொடுத்தான், கண் மட்டும் இளவேனி மேல் இருந்தது. "இனி வாயத் தொறப்பியா? தொறப்பியா?" ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மிதி. எலும்பு முறிகிற சத்தம் அங்கே கேட்டது, உயிர் போகிற வலி இங்கே வந்தது.

இளவேனி தியாகம் எதுவும் செய்யவில்லை. தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். காதுக்குப் பின்னால் நகத்தை விட்டு வில்லையைப் பிய்த்தாள். தோலும் சேர்ந்து வந்தது. மணிக்கட்டுத் திரையில் 'முகவரி ரத்து' என்று ஒளிர்ந்தது. வலி விளக்கை அணைத்தது போல் நின்றது.

அந்த நொடியே தன்யஸ்ரீ அலறினாள். விரல், கண், உதடு, விலா எல்லாம் ஒன்றாக வந்து அவள் மேல் இறங்கின. அந்த அலறலைக் கேட்டபோது இளவேனிக்கு முதலில் வந்தது நிம்மதி, நமக்கு இல்லை என்ற நிம்மதி. அதற்காக அவள் தன்னையே வெறுத்தாள்.

நிதின் ஓங்கிய காலோடு திகைத்து நின்றுவிட்டான். வில்லை வந்த பிறகு அவள் அலறி அவன் கேட்டதில்லை. தன்யஸ்ரீ கத்திக்கொண்டே இடது கையால் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லின் பிடியைப் பற்றித் தூக்கி, அவன் முழங்காலில் இறக்கினாள். கால் பக்கவாட்டில் மடிந்தது. விழுந்தவனின் தோளில் இன்னொரு முறை இறக்கினாள். சட்டை பொசுங்கித் தசையோடு ஒட்டியது.

அவன் வில்லைக்காகத் துழாவினான். தன் மேல் குனிந்திருந்த மனைவியின் காதிலிருந்ததைப் பிடுங்கித் தன் காதில் ஒட்டிக்கொண்டு, "பாப்பா, உன்னுத எடுத்து ஒட்டிக்க! படிப்பு முடியற வரைக்கும் ரூம் உனக்குத்தான்! எடுத்துக்க சாமி, தாங்க முடியல!" என்று கதறினான்.

ரத்தம் ஒட்டிய வில்லை இளவேனியின் உள்ளங்கையில் கிடந்தது. மாடி அறை, முகவரி, தேர்வு, பட்டம் எல்லாம் அதில் இருந்தன. ஒட்டினால் போதும். தன்யஸ்ரீ சுவரில் சாய்ந்து விம்மிக்கொண்டு அவளைப் பார்த்தாள்.

"வலிக்குதாண்ணா?" என்று கேட்டாள் இளவேனி.

"வலிக்குது! வலிக்குது!"

வில்லையை எரிகிற அடுப்பில் போட்டாள். அது உருகி நாற்றம் கிளம்பியது. பிறகு மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்டினாள். இந்தப் பருவமும் போயிற்று, கல்லூரியும் போனது போலத்தான் என்று அழுதுகொண்டே கட்டினாள்.

படியில் காலடி கேட்டது. ஒவ்வொரு படிக்கும் முனகிக்கொண்டு தன்யஸ்ரீ ஏறி வந்து, கதவு நிலையைப் பிடித்து நின்றாள்.

"ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், அவருக்கு. நீ எங்க போற?"

"வேற வீடு பாக்கணுங்க்கா."

"ரெண்டு பேருக்கும் சேத்திப் பாரு கண்ணு," என்றாள் தன்யஸ்ரீ. விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "இந்தத் தடவ நான் கேக்கறேன். வீடு பாக்கறப்ப என்ன கேக்கோணும்னு எனக்குத் தெரியும்."