குருக்கத்தி பூத்த மாலை

பொருநை நதியின் மீது முழுமதி எழுந்து, மருதங்கோட்டையின் மதில்களுக்கு வெள்ளி பூசத் தொடங்கிய அந்த இளவேனில் மாலையில், அரண்மனை நந்தவனத்துக்குள் நுழைந்த அரசர் கொற்றவேளும் அவர் மகள் நறுங்கோதையும் அப்படியே நின்றுவிட்டார்கள். வாசகர்களே, நாமும் சற்று நின்று பார்ப்போம். நெடிய புன்னை மரமொன்றை அடி முதல் உச்சி வரை தழுவி ஏறிய குருக்கத்திக் கொடி, இலை தெரியாமல் பூத்திருந்தது. ஓரம் சிலிர்த்த வெள்ளை இதழ்கள். பூவுக்கு ஓர் இதழில் மட்டும் மஞ்சள். ஆற்றின் அக்கரையில் படகோட்டிகளும் அந்த நறுமணத்தில் துடுப்பை நிறுத்தினார்கள்.

நறுங்கோதை ஆசைப்பட்டதால் அதைக் காட்டிலிருந்து கொணர்ந்து நட்டவன் தோட்டக்காரன் சாத்தன். பூக்காத கொடியை வெட்டிவிட அரசர் ஆணையிட்டபோதெல்லாம், "வேர் ஊன்றட்டும், அரசே. ஏற மரமும் வெயிலும் இருக்கின்றன, காலம் மட்டும் தாருங்கள்" என்று மன்றாடியவனும் அவனே. இளந்தண்டுகளை வாழைநாரால் மரத்தோடு பிணைக்கையில் இளவரசியும் உடன் நிற்பாள்.

அரசர் மணிமுடியைக் கழற்றி மகளிடம் தந்துவிட்டு, பூங்கொத்தொன்றின் முன் தலை குனிந்தார். பின்னால் நின்ற சாத்தனின் கை இடைக்கச்சில் புகுந்ததையும், அங்கே குறுவாள் மின்னியதையும் நறுங்கோதை கண்டாள். அவள் கூவ வாயெடுப்பதற்குள் அந்தக் கை வெறுமையாகவே வெளியே வந்தது.

"எத்தனையோ போர்க்களம் கண்டேன், சாத்தா. இப்படியொரு காட்சியைக் கண்டதில்லை" என்று கூறி, ஈரக் கண்களுடன் அரசர் பூசைக்குச் சென்றார்.

"நீர் யார்?" என்றாள் நறுங்கோதை.

"தங்கள் தந்தையின் வாளுக்கு இரையான குன்றூர் மன்னரின் மகன், எயினன். பழி தீர்க்கவே வந்தேன், தேவி."

"பின் ஏன் தயங்கினீர்?"

"வாய்ப்பு ஒவ்வொரு மாலையும் வந்தது. கொடி பூக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று பூத்துவிட்டது; அதன் முன் குனிந்த தலையை வெட்ட மனம் வரவில்லை."

"காவலரை அழைப்பது என் கடமை."

"அழையுங்கள்."

அவள் ஆற்றுப் பக்கம் திரும்பினாள். பிறகு, "நீர்வாயில் இன்னும் அடைக்கப்படவில்லை" என்றாள்.

"மீண்டும் வருவேன், தேவி. ஒளிந்தல்ல, என் சொந்தப் பெயரோடு, முன்வாயில் வழியே, தங்கள் தந்தையிடம் தங்களைக் கேட்க. அதுவரை வேறொரு மங்கையை மணக்கமாட்டேன். இந்தப் பொருநை மீது ஆணை."

ஆற்றில் ஏதோ விழுந்த ஓசை கேட்டது. "நீரில் யார்?" என்று மதிலிலிருந்து ஒரு காவலன் அதட்டினான்.

"மீன் துள்ளியது" என்றாள் நறுங்கோதை.

அவள் பொய் சொல்லி அந்தக் கோட்டையில் எவரும் கேட்டதில்லை. காவலன் வேலைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான்.