கிள்ளாத வெற்றிலை

வைப்பாற்று மணலில் அந்திச் செவ்வொளி மங்கி, கீழ்த்திசைப் பனங்காட்டின்மேல் நிலவு எழுந்துகொண்டிருந்த வேளையில், கொற்றங்குடிக் கோட்டையின் கொத்தளத்தில் நின்ற உமையாள் நாச்சியார், அக்கரையில் விரிந்து கிடந்த கும்பினிக் கூடாரங்களைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். தந்தையார் களத்தில் மாண்ட பிறகு பாளையத்தின் பாரம் முழுதும் அவள் தோளில்தான். இருந்தவை நான்கே பீரங்கிகள். நான்கையும் வடக்கு வாயிலில் நிறுத்தியிருந்தாள். விடிந்தால் போர்.

அப்போது தளவாய் மயிலேறும்பெருமாள், சிவப்புச் சட்டைக்காரன் ஒருவனைக் கைகளைக் கட்டி இழுத்துவந்தார்.

"ஆற்றைக் கடந்து வந்த கும்பினிச் சிப்பாய், நாச்சியாரே! தங்களிடம்தான் பேசுவானாம். தலையைச் சீவ உத்தரவு கொடுங்கள்!"

"வடக்கே வரப்போவது வெறும் ஆரவாரம், அம்மணி," என்றான் கைதி கரகரத்த குரலில். "அவர்களின் பீரங்கிகள் மேற்கு மதிலைத்தான் இடிக்கும். காயம்பட்ட சிப்பாயாக நடித்து இருபது நாள் அவர்கள் பாசறையில் கிடந்து அறிந்த செய்தி இது. நான் திருவுடையான்."

உமையாள் அவன் முகத்தை உற்று நோக்கினாள். அவளுக்கு மணம் பேசியிருந்த படைத்தலைவன் திருவுடையான் ஆற்றுத்துறைப் போரில் மாண்டுவிட்டதாக அல்லவா செய்தி வந்திருந்தது!

வாசகர்களே, மணாளனாகப் போகிறவனை முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளத் துப்பில்லையா என்று அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள். பாதி முகத்தை வெடிமருந்து தீய்த்திருந்தது, குரலைப் புகை தின்றிருந்தது. மீசையும் இல்லை.

"என் மடியை அவிழ்த்துப் பாருங்கள்," என்றான் அவன்.

தளவாய் அவிழ்த்தார். பொடிந்துபோன வெற்றிலைச் சருகு உதிர்ந்தது. அந்தப் பாளையத்தில் போருக்குப் புறப்படுகிறவனுக்கு நுனி கிள்ளிய வெற்றிலை இரண்டு கொடுப்பது வழக்கம். ஒன்றை மென்றுவிட்டுப் புறப்படுவான். மற்றது மடியில் இருக்கும், வென்று திரும்பிய பின் மெல்வதற்கு.

"பிணத்தின் மடியிலிருந்து எடுத்திருப்பான்!" என்று சீறினார் தளவாய்.

அதுவும் நடக்கக்கூடியதே. பொய்யனை நம்பிப் பீரங்கிகளை நகர்த்தினால் வடக்கு வாயில் போய்விடும், உள்ளே இருக்கும் எண்ணூறு உயிர்களும் போய்விடும். மெய்யனை நம்பாவிட்டாலும் அதே கதிதான். உமையாள் அவன் கண்களை நேராக நோக்கினாள்.

"அன்று நான் கொடுத்த இலையில் ஒரு குறை இருந்தது. என்ன குறை?"

"நுனி கிள்ளவில்லை, அம்மணி. அழுகையை அடக்குவதிலேயே தங்களுக்கு நினைப்பு. தளவாயார் கண்டால் அபசகுனமென்று என்னைத் தடுத்துவிடுவாரே என்று சட்டென்று மடியில் ஒளித்தேன்."

உமையாள் பொங்கி வந்த கண்ணீரைத் துடைக்கவுமில்லை. குறுவாளை உருவி அவன் கட்டை அறுத்தாள்.

"தளவாயாரே, நான்கு பீரங்கிகளும் மேற்கு மதிலுக்குப் போகட்டும்! வடக்கில் பந்தங்களை மட்டும் கொளுத்துங்கள். நாம் ஏமாந்துவிட்டதாகவே அவர்கள் எண்ணட்டும்."

"மேற்கு மதிலில் எனக்கும் ஓர் இடம் வேண்டும்," என்றான் திருவுடையான்.

"என் பக்கத்தில் நில்லும். இந்த மண்ணில் கும்பினிக் கொடி இறங்கும்வரை எனக்கு மணமாலை இல்லை. நிலவு சாட்சி!"

தாம்பூலத் தட்டு வந்தது. அவள் இரண்டு இலைகளை எடுத்து நீட்டினாள்.

"இன்றைக்காவது நுனி கிள்ளுங்கள், அம்மணி," என்று சிரித்தான் அவன்.

"மாட்டேன்," என்றாள் உமையாள். "கிள்ளாத இலைதானே உம்மைத் திருப்பிக் கொண்டுவந்தது?"