போகாத கிண்ணம்

விடியற்காலைத் தொழுகை முடிந்து ஹனியா மாவு பிசைய உட்கார்ந்தபோதே நாத்தனார் நுஸ்ஹா வந்து நின்றுவிட்டாள். அவள் கையில் ஒரு தேநீர்க் கோப்பை. அதன் அடியில் புதினா இலை காய்ந்து ஒட்டியிருந்தது.

"மாவு மூட்டைக்குப் பின்னால இது எப்படி வந்துச்சு? நேத்துப் பகல்ல யாரு குடிச்சது?"

ரமலான் பதினான்காம் நாள். மெக்னேஸ் பழைய நகரத்துச் சந்துக்குள் இருந்த அந்த வீட்டில் நான்கு பேர். நால்வருமே நோன்பு என்றுதான் ஊருக்குத் தெரியும். மாதாந்திரத் தீட்டு என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை; தீட்டு நாளில் நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. இப்போதுதான் நுஸ்ஹாவின் தோளை உரசிக்கொண்டு நின்று தொழுதிருந்தாள். நுஸ்ஹா ஒன்றைப் பிடித்தால் நாலு பக்கமும் அடைத்துவிட்டுத்தான் பிடிப்பாள்.

தம்பி மஹ்ஜூபைக் கூப்பிட்டாள். கோப்பையைக் காட்டியதோடு நிற்கவில்லை. தினமும் நோன்பு திறக்கும் நேரத்தில் உன் பெண்டாட்டி சூப்புக் கிண்ணத்தை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு, பொதுக் குளியல் வீட்டுச் சுவரோரம் படுத்துக் கிடக்கிற யாம்னாவிடம் போகிறாள், பகலில் தின்றுவிட்டு மாலையில் தர்மவதி வேஷம் போடுகிறாள் என்று கொட்டித் தீர்த்தாள்.

மஹ்ஜூப் கெட்டவன் இல்லை. ஏழைக்குக் கொடுப்பதைத் தடுப்பவனும் இல்லை. ஆனால் நோன்பை முறித்தவளோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பது? மனைவியின் முகத்தைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டான்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நம்பிடறேன்."

அடுத்த அறையில் மாமியார் லல்லா ஷாமாவின் தஸ்பீஹ் மணிகள் உருளும் சத்தம் சட்டென்று நின்றது. கிழவி கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று ஹனியாவுக்குப் புரிந்தது. மாமி இப்போது வாயைத் திறப்பாள் என்று காத்திருந்தாள். மணிகளும் உருளவில்லை, குரலும் வரவில்லை.

"என்னைக் கேக்காதீங்க..." என்று மட்டும் ஹனியா கணவனிடம் சொன்னாள்.

வாசல்படி தாண்டக் கூடாது, பெருநாள் முடிந்ததும் தாய் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டு மஹ்ஜூப் கடைக்குப் போய்விட்டான்.

போன ரமலானில் சர்க்கரை குறைந்து மயங்கி விழுந்த லல்லா ஷாமா இரண்டு நாள் கண் விழிக்கவில்லை. இனி நோன்பு வைத்தால் உயிர் தங்காது என்று மருத்துவர் சொன்னதை ஹனியா மட்டுமே கேட்டாள். ஒன்பது வயதிலிருந்து ஒரு நோன்பும் விடாதவள், விட்டவர்களைத் தெருவில் வைத்துக் கேலி செய்தவள் லல்லா ஷாமா. மகன் காதுக்குப் போனால் அன்றிலிருந்து ஒரு வாய் சாப்பிடமாட்டேன் என்று மிரட்டி, யாரிடமும் சொல்வதில்லை என்று மருமகளைச் சத்தியம் செய்ய வைத்துத்தான் ரொட்டியைத் தொட்டாள். விடுபட்ட ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்குச் சாப்பாடு போட வேண்டும். பானையிலிருந்து எடுத்தால் நுஸ்ஹா கேட்பாள். அதனால் பதின்மூன்று நாளும் போனது ஹனியாவின் பங்கு. அவள் பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தாள்.

அன்று மாலை கிண்ணம் போகவில்லை.

மறுநாள் காலை மாமியாருக்குச் சர்க்கரை நோய்க்கான ஊசி போட்டுவிட்டு, ரொட்டியும் முட்டையும் மறைத்து எடுத்துப் போனாள். கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நேத்து கிண்ணம் போகலையே. அவ வயித்தைக் காயப்போட்டுட்டு நான் திங்கவா?"

"ஊசி போட்டாச்சு மாமி. சாப்பிடாட்டி..."

"போ."

பகல் முழுக்க ஹனியா செத்துச் செத்துப் பிழைத்தாள். அரை மணிக்கொரு தரம் போய்க் கெஞ்சினாள். நடுப்பகலில் கிழவி பாதி மயக்கத்தில் இருந்தபோது இரண்டு மடக்குப் பால் உள்ளே போனது. அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டாள். பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் மாமியாரின் கை நடுங்கியது, நெற்றி வியர்த்துக் குளிர்ந்தது. போன வருடமும் இப்படித்தான் ஆரம்பித்தது. சொன்னால் சத்தியம் போகும், இவள் இனிமேல் சாப்பிடவே மாட்டாள். சொல்லாவிட்டால் இன்று இருட்டுவதற்குள் போய்விடுவாள். சத்தியமாவது ஒன்றாவது என்று ஹனியா எழுந்தாள். மஹ்ஜூப் அப்போதுதான் வீட்டுக்குள் வந்திருந்தான்.

வாசலில் தட்டும் சத்தம் கேட்டது.

மஹ்ஜூப் கதவைத் திறந்தான். யாம்னா நின்றாள். அழுக்குப் போர்வை, வெறுங்கால். இரண்டு கையாலும் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினாள். தேநீர்க் கடைகளில் மிச்சம் கிடந்ததைப் பொறுக்கிச் சேர்த்த சர்க்கரைக் கட்டிகள். அந்த ஊரில் சாவு விழுந்த மவுத்து வீட்டுக்குச் சர்க்கரை இல்லாமல் யாரும் போவதில்லை.

"அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும், மகனே. என்னால முடிஞ்சது இதுதான். ஜனாஸா எடுத்தாச்சா?"

"யாரோட ஜனாஸா?"

"நோன்பு வைக்க முடியாத ஒரு உடம்புக்காகத் தர்றேன், துஆ செய்ங்கன்னு சொல்லித்தான் உங்க வீட்டுப் பொண்ணு தினமும் கொடுக்கும். நேத்து வரலை. அந்த உடம்பு அடங்கிருச்சுன்னு நெனைச்சு ராவெல்லாம் அழுதேன்... யாருன்னு அது சொல்லவே இல்லை, நானும் கேக்கலை."

நுஸ்ஹா சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். மஹ்ஜூப் திரும்பி மனைவியைப் பார்த்தான். ஹனியா அவனைப் பார்க்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வரும் மாமியாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

லல்லா ஷாமா யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் வாசலுக்கு வந்தாள். எதிர்வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தில் இன்னும் வெயில் இருந்தது.

"நான்தான் அந்த உடம்பு. இன்னும் அடங்கலை" என்றாள்.

நடுங்கும் விரலால் பொட்டலத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து, மகன் முன்னால், தெரு பார்க்க, வாயில் போட்டுக் கடித்தாள். பிறகு இன்னொன்று.

"கோப்பை என்னோடது, மஹ்ஜூப். இவ பட்டினி கிடந்துதான் என் நோன்புக்கு ஈடு கொடுத்தா. நேத்து நீ கேட்டப்ப நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

மஹ்ஜூப் கதவை அகலத் திறந்து யாம்னாவுக்கு வழி விட்டான். நுஸ்ஹா உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய கிண்ணத்தில் சூப்பை ஊற்றினாள். நோன்பு திறக்கும்வரை யாம்னாவை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அதைச் சொல்வதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

ஹனியா கிழவியைத் தாங்கிப் பிடித்தாள். இருவரும் வாசல்படியிலேயே சரிந்து உட்கார்ந்தார்கள். லல்லா ஷாமா மருமகளின் தலையை இழுத்துத் தன் மார்பில் புதைத்துக்கொண்டாள். இரண்டு நாளாக அடக்கி வைத்த அழுகை ஹனியாவிடமிருந்து வெடித்து வந்தது.

"நேத்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமி..."

"பயந்துட்டேன் புள்ள."

"நானும்தான்" என்றாள் ஹனியா.