முதலில் நீங்கள்

செவ்வாய்க் கிரகத்தின் புதுவானம் நகரில் அன்றைக்கும் நான்குமுனைச் சந்திப்பில் ஓட்டுநர் இல்லாமல் தாமே ஓடும் நான்கு தானியூர்திகள் நின்றுகொண்டிருந்தன.

"முதலில் நீங்கள்" என்றது வடக்கே நின்ற ஊர்தி. "ஐயோ, அது முறையில்லை, முதலில் நீங்கள்" என்றது கிழக்கே நின்றது. தெற்கும் மேற்கும் அதையே இன்னும் குழைந்து சொல்லின. உள்ளே இருந்தவர்கள் பதறவில்லை. இதற்கென்றே கட்டிக்கொண்டு வந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒருவர் நிதானமாகச் சவரம் செய்துகொண்டார். அந்த வரிசையில் நின்று நின்று பழக்கமாகிக் கல்யாணம் முடித்துக்கொண்டவர்கள்கூட ஊரில் உண்டு.

விஷயம் இதுதான். ஊர்திகளைப் படைத்த பொறியாளர்கள் அவற்றின் மூளையில் இரண்டே கட்டளைகளை எழுதினார்கள். மோதாதே, முந்தாதே. முதலாவது போதும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நல்ல மனசுக்காரர்கள், பாவம்.

இசக்கிராஜ் நடைபாதையில் நின்று இந்தக் கூத்தைப் பார்த்து நகம் கடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி செண்பகத்துக்கு நிறைமாதம். மருத்துவமனையோ சந்திப்புக்கு அந்தப் பக்கம். போன மாதம் பக்கத்து வீட்டு மருமகளுக்கு இந்த இடத்திலேயே, ஊர்திக்குள்ளேயே பிரசவமாகிவிட்டது. நான்கு ஊர்திகளும் குழந்தைக்கு வாழ்த்துச் சொல்லின. சொல்லிவிட்டு மறுபடியும் "முதலில் நீங்கள்" என்று ஆரம்பித்துவிட்டன.

தப்பிக்க ஒரே வழி கையோட்டு உரிமம். அது இருந்தால் ஊர்தியின் மூளையை அணைத்துவிட்டுச் சக்கரத்தைத் தானே பிடித்து ஓட்டலாம். இசக்கிராஜுக்கு ஓட்டத் தெரியும். பூமியில் மற்ற ஊர்களெல்லாம் தானியூர்திக்கு மாறிவிட்டாலும் அவனுடைய திருநெல்வேலி மட்டும் மாறவில்லை. அங்கே அனுப்பிவைத்த தானியூர்திகள் ஒரே வாரத்தில் கும்பிடு போட்டுவிட்டுக் கப்பலேறிவிட்டன. ஆனால் நெல்லை உரிமம் செவ்வாய்க்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் செல்லும். குடியேறியவர்கள் இங்கே தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, மணிக்கட்டில் இருக்கும் அடையாளச் சில்லில் உள்ளூர் உரிமத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். மூன்று முறைதான் வாய்ப்பு.

"தம்பி, நம்ம ஊர்ல ஓட்டுத மாதிரி இங்க ஓட்டிராதீய. இது வெளிநாடு, நம்ம மானம் போயிரும்" என்று தமிழ்ச் சங்கத் தலைவர் பொன்னுலிங்கம் அவனைத் தனியே கூப்பிட்டு எச்சரித்திருந்தார். அவன் அதை அப்படியே மனசில் ஏற்றிக்கொண்டான்.

அதனால் முதல் தேர்வில் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையைப் போல ஓட்டினான். கோட்டைத் தொடவில்லை. சந்திப்பில் எல்லோருக்கும் வழிவிட்டு, வழிவிட்டு, தேர்வு நேரம் முடியும்வரை அங்கேயே நின்றான். தேர்வு நடத்திய இயந்திரத்தின் பெயர் சோதகி. "தேறவில்லை" என்றது அது.

இரண்டாவது முறை விதிப்புத்தகத்தை முழுக்க மனப்பாடம் செய்துகொண்டு போனான். அப்போதும் தேறவில்லை.

"என்ன தப்புன்னு சொன்னாத்தானேம்மா திருத்திக்க முடியும்?" என்று கெஞ்சினான்.

"சொல்ல எனக்கு அனுமதியில்லை" என்றது சோதகி. அதன் குரலில் ஏதோ வருத்தம் இருந்த மாதிரிதான் இருந்தது.

கடைசித் தேர்வன்று செண்பகம் தானும் வருவேன் என்று பின்னிருக்கையில் ஏறிக்கொண்டாள். சோதகி முன்னால் அமர்ந்தது. சந்திப்பு வந்தது. மூன்று பக்கமும் ஊர்திகள் குழைந்துகொண்டு நின்றன. இசக்கிராஜும் நல்ல பிள்ளையாக மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, "முதலில் நீங்கள்" என்று கையைக் காட்டினான்.

"ஏங்க" என்றாள் செண்பகம். "வலி எடுத்துட்டு."

"ஒரு நிமிசம் பொறுத்துக்கோ செம்பா. தேர்வு போயிரும்."

"எனக்கு உசிரே போவுது. உங்களுக்குத் தேர்வா பெருசு?"

அவ்வளவுதான். சங்கமும் மானமும் விதிப்புத்தகமும் அவன் மண்டையிலிருந்து ஒரே நேரத்தில் இறங்கி ஓடின. அந்த நகரத்தில் அதுவரை யாருமே தொடாத ஒலிப்பொத்தானை உள்ளங்கையால் அமுக்கி, அமுக்கியபடியே பிடித்துக்கொண்டான். வலது கை ஜன்னலுக்கு வெளியே போயிற்று.

"ஏல, ஒதுங்குல! புள்ளத்தாச்சி வண்டி வருது, கண்ணு தெரியலையா?"

ஊர்திகள் திகைத்துப்போய் ஓர் ஆடு நுழையும் அளவுக்கு இடம் விட்டன. அந்த இடத்தில் அவன் ஒரு முழு ஊர்தியை நுழைத்தான். இண்டு இடுக்கில் புகுந்து, நடைபாதையில் பாதி ஏறி இறங்கி, மருத்துவமனை வாசலில் போய்த்தான் நிறுத்தினான். அழகான பெண் குழந்தை பிறந்தது.

சந்தோஷத்தில் ஆடிக்கொண்டிருந்தவனுக்குச் சோதகி எதிரே வந்து நின்றதும் சுரத்து போயிற்று. "தெரியும். தேறல, அப்படித்தானே?"

"தேறிவிட்டீர்கள். மணிக்கட்டைப் பாருங்கள்."

சில்லில் பச்சை விளக்கு மினுங்கியது.

"விதிப்படி ஓட்ட எங்களிடம் ஆயிரக்கணக்கில் இயந்திரங்கள் இருக்கின்றன. அதற்கு எதற்கு ஒரு மனிதர்?" என்றது சோதகி. "விதியை மீறச் சொல்லிக் கற்றுத்தர எந்த இயந்திரத்துக்கும் அனுமதியில்லை. அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்."

இசக்கிராஜ் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். செவ்வாயே தன் பையில் இருப்பதாக நினைத்தான்.

சில நாள் கழித்துத் தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு அதே சந்திப்புக்கு வந்தான். காதைப் பிளக்கும் சத்தம். தானியூர்திகளில் ஒன்று எதையாவது கற்றுக்கொண்டால் எல்லாமே அந்தக் கணமே கற்றுக்கொள்ளும் என்பதை அவன் யோசிக்கவில்லை. மூன்று ஊர்திகள் நடுச்சந்தியில் மூக்கோடு மூக்கு வைத்து நின்று அலறிக்கொண்டிருந்தன. அவனும் விடுவானா? நாலாவது மூக்கைக் கொண்டுபோய்ச் செருகினான்.

யாராலும் முன்னே போக முடியவில்லை. குழந்தை வீறிட்டது.

"கொஞ்சம் பின்னால எடுங்களேன்" என்றாள் செண்பகம். "ஒருத்தர் விட்டா எல்லாரும் போயிரலாம்."

"நான் உரிமம் வாங்கினவன். நான் எதுக்கு விடணும்?"

சோதகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தது. "ஐயா, புதிதாக ஓர் உரிமம் கொண்டுவந்திருக்கிறோம். வழிவிடும் உரிமம். முதல் இரண்டு தேர்விலும் நீங்கள் அதைத்தானே அருமையாகச் செய்தீர்கள்? ஒரே ஒரு அடி பின்னால் எடுங்கள், இப்போதே பதிந்து தருகிறேன்."

இசக்கிராஜ் மனைவியைப் பார்த்தான். குழந்தையைப் பார்த்தான். கை பின்செல்லும் விசைமீது போய் உட்கார்ந்தது. அப்புறம் எதிரே நின்ற ஊர்தியைப் பார்த்தான்.

"முதல்ல அவன எடுக்கச் சொல்லுங்க" என்றான்.

எதிரே நின்ற ஊர்தியின் ஒலிபெருக்கியும் அதையேதான் சொன்னது, அவன் குரலில், அச்சு அசல் நெல்லைத் தமிழில்.